கிட்டார் பிக்கப்: தச்சுப் பட்டறையும் ரேடியோக் கடையும் சந்தித்த இடம்

போன மாதம் எங்கள் தெருத் தம்பி ஒருவன் தன் எலெக்ட்ரிக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சர்ச் கொயரில் வாசிப்பவன். "அண்ணே, பிக்கப் போயிடுச்சுன்னு நினைக்கிறேன். கீழ இருக்கிற ரெண்டு கம்பி மட்டும் கணீர்னு கேக்குது. மேல இருக்கிற தடிக் கம்பியெல்லாம் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு" என்றான்.

பிக்கப் என்பது கம்பிகளுக்குக் கீழே பொருத்தியிருக்கும் சிறு பாகம், கம்பியின் ஒலியை ஆம்புக்கு அனுப்புவது அதுதான். வாங்கிப் பார்த்தேன். கம்பிகள் புத்தம் புதியவை. தடிக் கம்பி நான்கும் செம்பொன் நிறத்தில் மின்னின. அக்கூஸ்டிக் கிட்டாருக்கு உரிய வெண்கலக் கம்பிகளை வாங்கி மாட்டியிருக்கிறான். "பிக்கப் நல்லாத்தான் இருக்கு தம்பி, கம்பிதான் மாறிப்போச்சு" என்றேன். அவன் நம்பவில்லை. "அது மைக்தானே அண்ணே? கம்பி எதுவா இருந்தா என்ன, சத்தம் வந்தா எடுக்க வேண்டியதுதானே?"

பல ஆண்டுகளாக வாசிப்பவர்களில்கூடப் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். பிக்கப் என்பது கிட்டாருக்குள் வைத்த குட்டி மைக், எலெக்ட்ரிக் கிட்டார் என்பது பழைய கிட்டாரோடு அந்த மைக்கைச் சேர்த்தது, அதைக் கண்டுபிடித்தவர் ஃபெண்டர் கம்பெனியின் லியோ ஃபெண்டர் அல்லது கிட்டார் கலைஞர் லெஸ் பால். மூன்றும் சரியில்லை. பிக்கப் எப்படி வேலை செய்கிறது என்று விளங்கிவிட்டால், அதைச் செய்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள், ஏன் அங்கிருந்து வந்தார்கள் என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

சைக்கிள் டைனமோவில் இருந்து தொடங்குவோம்

பழைய சைக்கிள்களின் சக்கரத்தில் உரசியபடி ஒரு டைனமோ இருக்கும். பேட்டரி கிடையாது, வண்டி ஓடினால் விளக்கு எரியும். வேகமாக மிதித்தால் வெளிச்சம் கூடும், நின்றால் அணைந்துவிடும். அதன் உள்ளே இருப்பவை இரண்டே பொருள்கள்: ஒரு காந்தம், ஒரு செப்புக் கம்பிச் சுருள். பம்புசெட் மோட்டார் எரிந்துபோனால் கடையில் கொடுத்துக் "காயில் கட்டி" வாங்குகிறோமே, அந்தக் காயில்தான் சுருள்.

சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். அசைவு நின்றால் மின்சாரமும் நின்றுவிடும். இதற்கு மின்காந்தத் தூண்டல் என்று பெயர். 1831-ல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே இதைக் கண்டறிந்தார்.

பிக்கப்பைத் திறந்தால்

கிட்டார் பிக்கப்பிலும் இருப்பவை அதே காந்தமும் அதே காயிலும்தான். சாதாரண ஒற்றைக் காயில் பிக்கப்பில் ஒவ்வொரு கம்பிக்கும் நேர் கீழே ஒரு சிறு காந்தக் குச்சி நிற்கும். ஆறு குச்சிகளையும் சேர்த்துச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி ஓடும். அதன் தடிமன் ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர். கையில் எடுத்தால் தலைமுடிதான். மூச்சு விட்டால் நெளியும், நகம் பட்டால் அறுந்துவிடும். ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராடோகாஸ்டர் என்ற கிட்டாரில் இருக்கும் வகைப் பிக்கப்பில் அதை ஏறத்தாழ 8,000 சுற்று சுற்றுகிறார்கள்.

ஆனால் இங்கே காந்தமும் அசைவதில்லை, காயிலும் அசைவதில்லை. இரண்டும் கட்டையில் திருகி வைக்கப்பட்டவை. பிறகு எது அசைகிறது?

ஒரு காந்தத்தில் குண்டூசியை ஒட்டவிட்டு, அந்தக் குண்டூசியின் நுனியை இன்னொரு குண்டூசியிடம் கொண்டுபோனால், அதுவும் ஒட்டிக்கொள்ளும். காந்தத்தின் பக்கத்தில் இருக்கும்வரை முதல் குண்டூசியும் ஒரு காந்தம். கிட்டாரின் எஃகுக் கம்பிக்கும் இதுதான் நடக்கிறது. கீழே இருக்கும் காந்தக் குச்சி, தனக்கு மேலே ஓடும் கம்பித் துண்டைக் காந்தமாக்கி வைக்கிறது. கம்பியை மீட்டியதும் அந்தத் துண்டு காயிலுக்கு மேலே அசைகிறது. டைனமோவில் சுழன்ற காந்தத்தின் வேலையை இங்கே கம்பியே செய்துவிடுகிறது.

ஐந்தாம் கம்பியை விரலால் எங்கும் அழுத்தாமல் மீட்டினால் அது நொடிக்கு 110 முறை அதிரும். காயிலில் பிறக்கும் மின்சாரமும் நொடிக்கு 110 முறை ஏறி இறங்கும். மெலிந்த மின்சாரம்தான், ஆனால் கம்பியின் அசைவு அப்படியே அதில் பதிந்திருக்கிறது. ஆம்ப் அதைப் பெரிதாக்குகிறது. ஸ்பீக்கர் இதே வேலையைத் தலைகீழாகச் செய்து, மின்சாரத்தை மறுபடியும் அசைவாக்கிக் காற்றை அதிர வைக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பிக்கப் ஒலியைக் கேட்பதில்லை, எஃகு அசைவதை உணர்கிறது. கம்பிக்கும் காயிலுக்கும் இடையே பாய்வது காந்தப்புலம். அங்கே காற்றுக்கு வேலையே இல்லை.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்

ஆம்பைக் குறைந்த சத்தத்தில் வைத்து, பிக்கப்பின் முன்னால் வாயை வைத்துக் கத்திப் பாருங்கள். நல்ல பிக்கப் உங்கள் குரலை எடுக்காது. ஒரு ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன்மேல் மெல்லக் கொண்டுபோய்த் தொட்டால் "டொக்" என்று ஸ்பீக்கர் அதிரும். ஒரு நைலான் கம்பியை மாட்டி மீட்டினால் ஒன்றும் கேட்காது. நைலானைக் காந்தம் கண்டுகொள்வதில்லை.

தம்பியின் கிட்டாரில் நடந்ததும் இதுதான். அக்கூஸ்டிக் செட்டில் தடிக் கம்பிகளின் உள்நரம்பு எஃகு, மேலே சுற்றியிருப்பது வெண்கலம். வெண்கலம் காந்தத்துக்கு மசியாது. அதனால் உள்ளே இருக்கும் மெல்லிய எஃகு மட்டும்தான் பிக்கப்புக்குத் தெரிகிறது. மெல்லிய கம்பி இரண்டும் முழு எஃகு, எனவே அவை கணீர் என்று கேட்டன. எலெக்ட்ரிக் கிட்டாருக்கான செட்டில் மேல்சுற்று பெரும்பாலும் நிக்கல் பூசிய எஃகாக இருப்பது இதனால்தான்.

"அப்படின்னா போன்ல பாட்டு போட்டு பிக்கப் பக்கத்துல வெச்சா ஆம்ப்ல கேக்குதே, அது எப்படி?" என்று அவன் விடாமல் கேட்டான். நல்ல கேள்வி. போன் ஸ்பீக்கருக்குள்ளும் ஒரு குட்டிக் காயில் இருக்கிறது. பாட்டு ஓடும்போது அதைச் சுற்றிக் காந்தப்புலம் துடிக்கும், பிக்கப் அந்தத் துடிப்பை எடுத்துக்கொள்கிறது.

அக்கூஸ்டிக் கிட்டாரிலும் வீணையிலும் ஒட்டும் பிக்கப்புகள் பெரும்பாலும் வேறு வகை, பியசோ. அழுத்தினால் மின்சாரம் தரும் படிகம் அது. அடுப்புப் பற்றவைக்கும் கேஸ் லைட்டரில் "டக்" என்று பொறி வருவதும் அதே முறையில்தான். பியசோவுக்கு நைலானும் ஒன்றுதான் வெண்கலமும் ஒன்றுதான். இரண்டு வகையையும் "பிக்கப்" என்றே அழைப்பதும் குழப்பத்துக்கு ஒரு காரணம். இனி இந்தக் கட்டுரையில் பிக்கப் என்றால் காந்த வகை மட்டுமே.

மரத்தில் இருந்து வந்தவர்கள்

கிட்டார் கம்பெனிகளின் வேரைத் தேடிப் போனால் தச்சுப் பட்டறையில் போய் நிற்போம். மார்ட்டின் கம்பெனியைத் தொடங்கிய கிறிஸ்டியன் ஃபிரெடரிக் மார்ட்டின் 1796-ல் ஜெர்மானிய சாக்ஸனியின் மார்க்னாய்கிர்ஷன் ஊரில் பிறந்தவர். மரச்சாமான் செய்யும் குடும்பம். வியன்னாவில் யோஹான் ஷ்டாவ்ஃபர் என்ற பெரிய கைவினைஞரிடம் தொழில் கற்றார். ஊர் திரும்பினால் வேறு சிக்கல். கிட்டார் செய்யும் உரிமை தங்களுக்கே என்று வயலின் செய்வோர் சங்கம் வழக்காடியது, மரச்சாமான் தச்சர்கள் எதற்குக் கிட்டாரில் கை வைக்க வேண்டும் என்று கேட்டது. 1833-ல் மார்ட்டின் குடும்பத்தோடு நியூயார்க்குக்குக் கப்பலேறினார். சில ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் நாசரேத் ஊருக்குக் குடிபெயர்ந்தார். கம்பெனி இன்றும் அங்கேதான் இருக்கிறது.

ஆர்வில் கிப்சன் மிச்சிகனின் கலமசூ ஊரில் வாழ்ந்தவர். வயலினைப் போல் மரத்தைக் குடைந்து வளைவு கொடுத்து மாண்டலின் செய்தார், 1898-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1902-ல் அவர் பெயரில் கம்பெனி தொடங்கியது, ஆனால் பணம் போட்டு நடத்தியவர்கள் வேறு.

மரம் எப்படி அதிரும், எந்த இடத்தில் எவ்வளவு செதுக்கினால் ஒலி திறக்கும் என்பதுதான் இவர்களுடைய அறிவு. பலா மரம் குடைந்து வீணை செய்யும் தஞ்சாவூர் ஆசாரிக்கு இருப்பதும் அதே அறிவு. காயில், காந்தம் எல்லாம் அந்த உலகத்தில் இல்லை.

சத்தம் போதவில்லை

1920-களின் அமெரிக்க நடன அரங்குகளில் டிரம்பெட், சாக்ஸஃபோன், டிரம்ஸ் நடுவே கிட்டார் காணாமல்போனது. கையால் மீட்டும் கம்பி எவ்வளவுதான் ஒலிக்கும்? உடலைப் பெரிதாக்கினார்கள், எஃகுக் கம்பி போட்டார்கள், போதவில்லை.

டெக்சஸில் பிறந்த ஜார்ஜ் பீச்சம் மேடைக் கலைஞர். மடியில் கிட்டாரைக் கிடத்தி, எஃகுத் துண்டால் கம்பியை வழுக்கி வாசிக்கும் ஹவாய் பாணியில் வாசித்தவர். அந்தக் காலத்து அமெரிக்காவில் ஹவாய் இசைக்குப் பெரும் மோகம் இருந்தது. சத்தம் கூட்ட வழி கேட்டு இவர் முதலில் போனது ஜான் டோப்யேராவிடம். இன்றைய ஸ்லோவாக்கியாவில் இருந்து குடியேறிய குடும்பத்துக் கைவினைஞர் அவர். கிட்டாருக்குள் அலுமினியக் கூம்புகளை வைத்து, ஒலியைப் பித்தளைப் பாத்திரம்போல் கணகணக்க வைத்தார். நேஷனல் கம்பெனி அப்படிப் பிறந்தது. அதற்கு உலோக உடல்களை அச்சடித்துக் கொடுத்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த உலோக அச்சுக் கருவித் தொழிலாளி அடால்ஃப் ரிக்கன்பேக்கர். பின்னால் டோப்யேரா சகோதரர்கள் நேஷனலில் இருந்து பிரிந்துபோய் டோப்ரோ என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். டோப்யேரா பிரதர்ஸ் என்பதன் சுருக்கம் அது, ஸ்லோவாக் மொழியில் "நல்லது" என்றும் பொருள்.

பீச்சமுக்கு அதுவும் போதவில்லை. மின்சாரத்தால் முடியுமா என்று பார்க்கத் தொடங்கினார், அதற்காக இரவு வகுப்பில் சேர்ந்து மின்னணுவியல் படித்தார். கிராமஃபோனின் ஊசி முனையில் இருக்கும் பாகத்துக்கு அப்போதே பிக்கப் என்றுதான் பெயர். அதைக் கழற்றி, ஒரு கட்டைமேல் ஒரே ஒரு கம்பி கட்டிச் சோதித்துப் பார்த்தார். ஒலிப்பெட்டி இல்லை, வளைவு இல்லை, வெறும் மரத்துண்டும் ஒரு கம்பியும்தான். ஒரு கிட்டாரை மறுபடியும் முதல் எழுத்தில் இருந்து எழுதிப் பார்த்த மாதிரி அது. இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1931-ல் பிக்கப் உருவானது. குதிரை லாட வடிவக் காந்தம் இரண்டு, கம்பிகளுக்கு மேலும் கீழுமாக வளைந்து சுற்றி நிற்கும், நடுவே காயில். முதல் மாதிரியின் உடலை ஹாரி வாட்சன் மரத்தில் செதுக்கினார். நீண்ட கைப்பிடியும் வட்டத் தலையுமாக இருந்ததால் "ஃப்ரையிங் பேன்", அதாவது வாணலி என்று பெயர் ஒட்டிக்கொண்டது. ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து 1932-ல் அதை அலுமினியத்தில் வார்த்து விற்றார்கள். காப்புரிமை வர 1937 ஆனது. இந்தப் பொருள் வேலை செய்யும் என்பதிலேயே அதிகாரிகளுக்குச் சந்தேகம் இருந்ததாம். அதனால் வாஷிங்டன் அலுவலகத்துக்கே ஹவாய் இசைக்கலைஞர்களை அனுப்பி வாசித்துக் காட்டச் சொன்னார்கள் என்பார்கள். காப்புரிமைக்காகக் காத்திருந்த அந்த ஆண்டுகளில் மற்றவர்களும் பிக்கப் வைத்த கிட்டாரைக் கொண்டுவந்துவிட்டார்கள். கிப்சன் 1936-லேயே ஈஎஸ்-150-ஐ வெளியிட்டது. அதை வாசித்துத்தான் சார்லி கிறிஸ்டியன் ஜாஸ் மேடையில் கிட்டாரை முன்வரிசைக்குக் கொண்டுவந்தார்.

அதாவது, முதல் எலெக்ட்ரிக் கிட்டார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது ஒரு மேடைக் கலைஞரும் ஓர் உலோகத் தொழிலாளியும். லெஸ் பால் தன் கட்டைக் கிட்டாரைச் செய்து பார்ப்பதற்கும், ஃபெண்டர் கம்பெனி பிறப்பதற்கும் பல ஆண்டுகள் முன்பே இது நடந்துவிட்டது.

ரேடியோக் கடையில் இருந்து வந்தவர்

லியோ ஃபெண்டர் 1938-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார். கணக்கு எழுதும் வேலை பார்த்தவர், ரேடியோ அவருக்குச் சிறு வயது ஆசை. கிட்டார் வாசிக்கத் தெரியாது, கடைசிவரை கற்றுக்கொள்ளவும் இல்லை. ஊர் இசைக்கலைஞர்கள் பழுதான ஆம்புகளைக் கொண்டுவந்து குறை சொல்வார்கள். அவர் காது கொடுத்துக் கேட்பார்.

ரிப்பேர்க்காரரின் மனம் எப்படி வேலை செய்யும் என்பதை 1950-ல் அவர் கொண்டுவந்த கிட்டாரில் காணலாம். உடல் ஒரு தட்டையான பலகை. கழுத்தை ஒட்டாமல் நான்கு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார். கழுத்து வளைந்துபோனால் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். ஒலிப்பெட்டி தேவையில்லை, பிக்கப்புக்கு வேண்டியது எஃகின் அசைவு மட்டும்தானே. பிராட்காஸ்டர் என்று பெயர் வைத்தார். கிரெட்ச் கம்பெனியின் டிரம்ஸ் அதே ஒலிப்பில் பெயர் வைத்திருந்ததால் 1951-ல் டெலிகாஸ்டர் என்று மாற்றினார். ஸ்ட்ராடோகாஸ்டர் 1954-ல் வந்தது.

காயில் சுற்றும் வேலையில் ஃபெண்டர் தொழிற்சாலையில் பெரும்பாலும் பெண்கள் இருந்தார்கள். அபிகெய்ல் யபாரா 1956-ல் சேர்ந்து 50 ஆண்டுகளுக்கும் மேல் அந்த வேலையைச் செய்தவர். மோட்டார் சுழல, கம்பியை விரல்களுக்கு இடையே ஓடவிட்டு இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே போக வேண்டும். இழுப்பு கூடினால் அறுந்துவிடும், குறைந்தால் சுற்று தளர்ந்துவிடும். தளர்ந்த காயில் உள்ளுக்குள்ளேயே அதிர்ந்து, உண்மையிலேயே மைக்கைப்போல் கீச்சிடத் தொடங்கும். அதைத் தடுக்கத்தான் பிக்கப்பை உருகிய மெழுகில் முக்கி எடுக்கிறார்கள். அவர் சுற்றிய பிக்கப்புகளைத் தேடி வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஹம் தொல்லையும் இரண்டு காயிலும்

ஒற்றைக் காயிலில் ஒரு குறை உண்டு. வீட்டு வயரிங், டியூப்லைட் சோக், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றில் இருந்தும் மின்காந்த இரைச்சல் வருகிறது. காயில் அதையும் எடுத்துக்கொண்டு "உம்ம்ம்" என்று முனகும். இதைத்தான் ஹம் என்கிறார்கள்.

கிப்சனில் வேலை பார்த்த செத் லவரும் ரேடியோ, ஆம்ப் வழியாக வந்தவர். 1955-ல் அவர் காப்புரிமைக்கு எழுதிய யோசனை இது: காயிலை இரண்டாக வைத்து, இரண்டாவதை முதலாவதுக்கு எதிராக இணைப்பது. ஹம் இரண்டிலும் ஒரே மாதிரி விழும், ஒன்று கூட்டலாகவும் மற்றது கழித்தலாகவும் வருவதால் ஒன்றையொன்று அடித்துவிடும்.

அப்படியானால் கம்பியின் ஒலியும் அழிந்துவிடுமே? அதற்காக இரண்டாவது காயிலின் காந்த முனையையும் அவர் தலைகீழாக்கினார். கம்பியின் அசைவு அங்கே ஒருமுறை காந்தத்தால் புரள்கிறது, இன்னொரு முறை இணைப்பால் புரள்கிறது. பள்ளிக் கணக்கில் கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல் வருமே, அதேதான். ஹம்முக்கும் காந்த முனைக்கும் தொடர்பில்லை, எனவே அது ஒருமுறைதான் புரளும், அழிந்துவிடும். ஹம்மை அடிப்பதால் ஹம்பக்கர் என்று பெயர்.

1957-ல் கிப்சன் கிட்டார்களில் ஹம்பக்கர் ஏறியது. காப்புரிமை 1959-ல்தான் வந்தது. இடைக்காலத்தில் "காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்" என்று பொருள்படும் "பேட்டன்ட் அப்ளைட் ஃபார்" என்ற ஆங்கில வாசகத்தைச் சிறு ஸ்டிக்கராக அடியில் ஒட்டினார்கள். அதன் முதலெழுத்துகள்தான் பிஏஎஃப். இன்று அந்த ஸ்டிக்கர் உள்ள பிக்கப்புக்குப் பெரும் விலை. ஏதோ தனி மந்திரம் என்று பேசுகிறார்கள். அவற்றில் பல மிக நன்றாகவே ஒலிக்கின்றன என்பது உண்மை. ஆனால் சுற்று எண்ணிக்கை அன்று ஒரே சீராக இருக்கவில்லை, எனவே ஒரு பிஏஎஃப் இன்னொன்றைப்போல் ஒலிக்காது. விலை கொடுப்பவர்கள் ஸ்டிக்கரைப் பார்க்காமல் காதால் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

பிக்கப் மட்டும் செய்பவர்கள்

கிட்டார் செய்யாமல் பிக்கப் மட்டும் விற்பது புதிதல்ல. ஒஹாயோவின் டொலீடோ நகரில் ஹாரி டிஆர்மண்ட் 1930-களிலேயே, சாதாரணக் கிட்டாரில் மாட்டிக் கழற்றும் பிக்கப்புகளைச் செய்தார். ஆனால் இருக்கும் பிக்கப்பைக் கழற்றி வேறு போடும் வழக்கம் பரவியது 1970-களில். நியூயார்க்கில் லாரி டிமார்சியோ 1972-ல் "சூப்பர் டிஸ்டார்ஷன்" என்ற பலத்த பிக்கப்பைக் கொண்டுவந்தார். அதன் மின்சாரம் வலுவாக இருந்ததால் ஆம்ப் எளிதில் கரகரத்தது, ராக் வாசிப்பவர்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

சீமோர் டங்கன் சிறுவனாக இருந்தபோது அவருடைய டெலிகாஸ்டரின் பிக்கப் அறுந்துவிட்டது. அதைப் பிரித்து, நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் ரெக்கார்டு பிளேயரின் தட்டில் பொருத்தித் தானே மறுபடி சுற்றினார். 8,000 சுற்று என்று வைத்தால், இடையில் அறாமல் போனாலே 4 மணி நேரம். 1976-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார். இன்று கடைகளில் விற்கும் பல கிட்டார்களில் கட்டையில் ஒரு கம்பெனியின் பெயரும் பிக்கப்பில் இன்னொரு கம்பெனியின் பெயரும் இருப்பது இந்த வழியில் வந்ததுதான்.

நம் காதுக்குப் பழக்கமான உதாரணமும் உண்டு. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கச்சேரிகளில் வாசித்தது எலெக்ட்ரிக் மாண்டலின். கர்நாடக இசையின் நீண்ட கமகத்துக்கு ஒலி சட்டென்று செத்துப்போகாமல் நின்று பேச வேண்டும். சாதாரண மாண்டலினின் ஒலி மீட்டியதும் மங்கிவிடும். பிக்கப்பும் ஆம்பும் சேர்ந்தால் அந்த மங்கும் நுனியையும் காதுவரை கொண்டுவரும்.

தம்பி அடுத்த வாரம் நிக்கல் கம்பி செட் வாங்கி வந்தான். வெண்கலக் கம்பிகளைக் கழற்றி, கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாட்டினோம். கழற்றிய தடிக் கம்பியின் சுற்றைக் கொஞ்சம் பிரித்து, ஃபிரிட்ஜ் கதவில் இருந்த காந்தப் பொம்மையை அருகில் வைத்துக் காட்டினேன். உள்நரம்பு ஒட்டியது, வெண்கலச் சுருள் தரையில் விழுந்தது. அதைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பழைய ரேடியோ ஒண்ணு வீட்டுப் பரண்ல கிடக்கு அண்ணே, அதுல காயில் இருக்குமா?" என்று கேட்டான்.